வைராக்கியத்தில் வைரம் இல்லை

"பையன் வைராக்கியமா இருக்கான், இந்தத் தடவை விடமாட்டான்." மறுபடி நீட் எழுதும் பிள்ளைகளின் வீடுகளில் கேட்கிற பேச்சு இது. "இவளுக்கு வைராக்கியமே இல்லையே" என்பது பக்கத்து வீட்டுக் கவலை. ஒரே சொல்லை வைத்துப் பிள்ளைகளை எடைபோடுகிறோம் என்பதால், முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

'வைரம் பாய்ந்த கட்டை' என்று பழகிய காதுக்கு வைராக்கியம் வைரத்தில் பிறந்ததாகவே படும். வடமொழியில் பகைக்கும் வைரம் என்று பெயர் உண்டு. ஆனால் இந்தச் சொல் இரண்டிலிருந்தும் வரவில்லை. 'விராகம்', அதாவது ராகம் நீங்கியது என்பதிலிருந்து வந்தது. ராகம் என்றால் பற்று. அடிப்பொருள் சாயம், நிறம். ஏறின சாயம் இறங்கிப்போன மனசுதான் வைராக்கியம். துறவிகளின் சொல். பற்று விட்டவரை எதுவும் அசைக்காது என்பதாலோ என்னவோ, தமிழில் அது பிடிவாதத்துக்குப் பெயராகிவிட்டது. விடுவதைச் சொன்ன சொல் பிடிப்பதைச் சொல்ல வந்துவிட்டது!

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம், புராண வைராக்கியம் என்று, வந்த வேகத்தில் கரைந்துபோகும் மூன்றைப் பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்கள். நாலாவதாக ரிசல்ட் வைராக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனைப் பூட்டுவது, கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்பது, "அத்தை பையன் முன்னாடி ஜெயிச்சுக் காட்டணும்" என்பது. கடைசியாகச் சொன்னது அப்பட்டமான சாயம். ரெண்டு மாதிரித் தேர்வில் மார்க் இறங்கினால் வெளுத்துவிடும்.

பதஞ்சலி யோக சூத்திரம் (1.12) வைராக்கியத்தைத் தனியாகச் சொல்வதில்லை, அப்பியாசத்தோடு, அதாவது விடாத பயிற்சியோடு, சேர்த்தே சொல்கிறது. வீட்டிலும் அப்படியே செய்யலாம். ஒரு நோட்டில் ரெண்டு பத்தி. இடப்பக்கம் அன்றைக்கு விட்டது, ஒன்றே ஒன்று: ராத்திரி பத்துக்கு மேல் போன். வலப்பக்கம் எத்தனை கேள்வி போட்டது, எத்தனை தப்பு, ஏன் தப்பு. காரணத்தை 'தெரியாது', 'கணக்கில் பிழை', 'கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை' என்று மூன்றாகப் பிரித்தால் போதும். நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி. சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். தெரிந்த விடையை அவசரத்தில் மாற்றிக் குறித்தால் நஷ்டம் 5. அப்படிப் பத்து என்றால் 50 மார்க். இந்த ஓட்டையைச் சபதம் அடைக்காது.

முதல் வாரத்து நோட்டை நம்ப வேண்டாம், எல்லாருடையதும் அழகாக இருக்கும். மூன்றாவது வாரம் பாருங்கள். சபதம் எதுவும் போடாத பெண்ணின் நோட்டு அப்போதும் நிறைந்துகொண்டிருந்தால், 'வைராக்கியமே இல்லை' என்று நீங்கள் சொன்ன பிள்ளைக்குத்தான் அது இருக்கிறது. அதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் புரட்டிப் பாருங்கள். 'கணக்கில் பிழை' அதிகமிருந்தால் இயற்பியலுக்கு நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.