கூடக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

கேள்வி: படிப்பு முடிந்த கையோடு இரண்டு நிறுவனங்களிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. முதலாவதில் ஆண்டுச் சம்பளம் 100 என்று வைத்துக்கொண்டால், இரண்டாவதில் 85. இரண்டாவது இடத்தில் வேலை நன்றாக இருக்கும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கொஞ்சம் கூட்டிக் கேட்கலாமா? அனுபவமே இல்லாத பெண் இப்படிக் கேட்டால், பேராசைக்காரி என்று ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகி)

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் எதைக் கூட்டிக் கேட்கப் போகிறீர்கள்? நீங்கள் எழுதியது மூன்று பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அந்த மூன்று பக்கத்திலும் இருப்பது இந்த இரண்டு எண்கள்தான். 100 எதெல்லாம் சேர்ந்து 100 ஆனது என்பதற்கு ஒரு வரி இல்லை. ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டுப் பயப்பட ஆரம்பித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பின்னால் இணைப்பு என்று ஒரு அட்டவணை இருக்கும். விஷயமே அங்கேதான்.

அதில் இப்படி இருக்கலாம்: மாதாமாதம் வரும் நிரந்தரச் சம்பளம், வரி பிடிப்பதற்கு முன், 68. இலக்கை எட்டினால் போனஸ், 15 வரை. ஜாயினிங் போனஸ் 10. காப்பீட்டுக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக்கும் நிறுவனம் கட்டுவது 7. ஆயிற்றா 100? இதில் மோசடி ஏதுமில்லை. ஆனால் ‘15 வரை’ என்பதில் பூஜ்யமும் அடக்கம். ஜாயினிங் போனஸ் அடுத்த வருடம் வராது. போதாக்குறைக்கு, இன்ன காலத்துக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். இரண்டாவது கடிதத்தின் 85இல் 78 நிரந்தரம் என்றால், பெரிய சம்பளம் எது? சொல்லுங்கள்.

பங்கு தருகிறோம் என்று எழுதியிருந்தால் இன்னும் நிதானமாகப் படியுங்கள். நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கிடையாது என்பதுதான் இதில் பரவலான ஏற்பாடு. பதினோராவது மாதம் கிளம்பினால் வெறுங்கைதான். பாண்ட், அதாவது இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் உண்டா, விடுகிறேன் என்று சொன்னபின் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் எத்தனை மாதம் என்பதையும் பார்த்துவிடுங்கள். உள்ளே நுழையும் சந்தோஷத்தில் வெளியே வரும் வழியை யாரும் பார்ப்பதில்லை.

நிரந்தரச் சம்பளத்தையே நான் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இன்க்ரிமென்ட் பெரும்பாலும் அதன்மேல்தான் சதவீதமாக ஏறும். 78ஐப் பேசி 82 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். வருடம் 5 சதவீதம் உயர்ந்தால், பத்து வருடத்தில் வித்தியாசம் 40 அல்ல, 50. முதல் வருடச் சம்பளத்தில் ஏழு மாதத்துக்கும் மேல். இதெல்லாம் ஒரு மின்னஞ்சலுக்குக் கிடைக்கும் கூலி.

அடுத்து, உங்கள் பயம். அதை நான் சிரித்துத் தள்ளப் போவதில்லை. லிண்டா பாப்காக் என்ற பொருளாதார ஆய்வாளர், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து வேலைக்குப் போனவர்களிடம் விசாரித்தார். சொன்ன சம்பளத்துக்கு மேல் கேட்ட ஆண்கள் 57 சதவீதம். பெண்கள் 7 சதவீதம். கேட்டவர்களுக்குச் சராசரியாக 7 சதவீதத்துக்குச் சற்று மேல் கிடைத்தது. சரி, பெண்கள் கேட்பதில்லை என்று பழியைப் பெண்கள்மேல் போட்டுவிட்டுப் போய்விடலாமா? அவரே வேறு இருவரோடு சேர்ந்து 2007இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், கூடுதலாகக் கேட்கும் பெண்ணை ஆணைவிட அதிகமாகக் குறைத்து மதிப்பிடும் பழக்கமும் பதிவானது. ஆக, உங்கள் தயக்கம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். ஒருவரைத் தேடி, நேர்முகம் நடத்தி, மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிக் கடிதம் அனுப்புவதற்குள் எச்.ஆர். ஆட்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். மரியாதையாக ஒரு தடவை கேட்டதற்காக அதையெல்லாம் குப்பையில் போடுவது அபூர்வம். அப்படியே போடுகிற இடம் என்றால், நாளைக்கு நீங்கள் லீவு கேட்டாலும் அதே கதைதான்.

என் முதல் வேலையில் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார்கள். “நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்கள் சார்” என்றேன். பார்த்தார், போட்டார். அதே நாளில் சேர்ந்த நண்பன் ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அந்த எண். இரண்டு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து இதை ஜீரணித்தேன்.

எப்படிக் கேட்பது? வாடகை, கல்விக் கடன், வீட்டு நிலைமை எதுவும் வேண்டாம். அது உங்கள் கணக்கு, அவர்களுடையதல்ல. இல்லாத மூன்றாவது ஆஃபரை இருப்பதாகவும் சொல்ல வேண்டாம். கடிதத்தைக் காட்டுங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? இவ்வளவு போதும்: “இந்த வேலையில் சேரவே விரும்புகிறேன். கையில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. நிரந்தரச் சம்பளத்தை 82 ஆக்க முடியுமானால் இன்றே ஒப்புதல் தந்துவிடுகிறேன்.” கடைசி வரியை மனதார நினைத்தால் மட்டும் எழுதுங்கள். அவர்கள் 82 தந்த பிறகு 88 கேட்பதுதான் பேராசை. எழுதி அனுப்பியபின் பேசாமல் இருங்கள். ‘முடியாவிட்டால் பரவாயில்லை’ என்று அரை மணி நேரத்தில் அடுத்த மெயில் போகக் கூடாது.

ஃபிரெஷர்களைக் கும்பலாக எடுக்கும் நிறுவனம் என்றால் எல்லோருக்கும் ஒரே சம்பளம், மாற்ற முடியாது என்பார்கள். பல இடங்களில் அது உண்மைதான். அங்கே சேரும் தேதி, எந்த டீம், பாண்டின் காலம் ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். “ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று போனில் சொன்னால், “சரி, அதையே ஒரு வரி மெயிலில் போட்டுவிடுங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். வருகிற பதிலின் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், ‘வேலை நன்றாக இருக்கும் என்கிறார்கள்.’ யார் சொல்கிறார்கள்? யாருக்குக் கீழே வேலை என்று கேட்டு, அவரோடு இருபது நிமிடம் பேச வாய்ப்பு கேளுங்கள். உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்றும் கேளுங்கள். முதல் வேலையில் நீங்கள் செய்கிற பிழையைத் திருத்த நேரம் ஒதுக்கும் ஒருவர் மேலே இருந்தால், அந்தக் கடிதத்துக்கு நானே 10 கூட்டிப் போட்டுக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைக் கெடு இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் தாண்டிவிடும். அதனால், ‘முதலில் மூன்று நாள் அவகாசம் கேளுங்கள்’ என்பதை மட்டும் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். கேட்டீர்களா என்றுதான் இன்னும் பதில் வரவில்லை.