காற்றைக் கேட்டு மீன் வாங்குங்கள்

கேள்வி: கணவரின் வேலை மாற்றலில் கோவையிலிருந்து ராமநாதபுரம் வந்து எட்டு மாதம் ஆகிறது. உழவர் சந்தையில் வாங்கிப் பழகியவள் நான். இங்கே கேரட் முதல் கத்தரிக்காய் வரை எதைக் கேட்டாலும் மதுரையிலிருந்து வந்தது, ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தது என்கிறார்கள். இந்த ஊரில் விளைவதை அந்தந்தப் பருவத்தில் வாங்கிச் சாப்பிட வழி உண்டா? மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் வாங்கலாமா?

பதில்: வழி உண்டு. ஆனால் காய்கறிக் கடையில் தேடாதீர்கள். இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நெல், மிளகாய், குதிரைவாலி என்று பெரும்பாலும் ஒரு போகம்தான். கேரட் மதுரையிலிருந்தே வரட்டும், அதில் உறுத்தல் வேண்டாம். இந்த மண்ணும் கடலும் தருவதை முதலில் வாங்கிவிட்டு, மீதிக்குக் கடைக்குப் போங்கள்.

முதலில் மீன். இங்கே மீனின் பருவத்தை மாதத்தைவிடக் காற்றுதான் சரியாகச் சொல்லும். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பேச்சில் வடகடல், தென்கடல். மழைக்காலத்து வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்தால் அப்படியே தலைகீழ். எனவே மீன்காரம்மாவிடம், "இன்னைக்கு எந்தக் கடல் மீனு?" என்று கேட்டுப் பாருங்கள். கரையில் எடுத்தவராக இருந்தால் சட்டென்று பதில் வரும். "பெட்டியில வந்தது" என்றால் வெளியூர் மீன்.

சீலாவையே சுற்றிச் சுற்றி வராதீர்கள். நெத்திலியும் சூடையும் விலை குறைவு. நெத்திலியை முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். கடல்புல் மேயும் ஓரா மீன் குழம்புக்கு அருமை. அதன் முள் குத்தினால் கடுக்கும், ஆகவே விற்பவரையே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விசைப்படகுகளை நிறுத்திவைக்கிறார்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அவர்களிடம் தாராளமாக வாங்கலாம். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும் என்பதால், அதற்குமுன் கேரளத்து மீனும் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். உள்ளூர் மீன் விலை ஏறியிருக்கும். அரைக் கிலோ வாங்கும் இடத்தில் கால் கிலோ வாங்குங்கள். எந்த மாதமானாலும் வயிற்று மடலில் முட்டை ஒட்டியிருக்கும் சினை நண்டை மட்டும் வாங்க வேண்டாம்.

அப்புறம் பனை. சாயல்குடி, கடலாடிப் பக்கம் போனால் பங்குனியில் பதநீர், சித்திரையில் நுங்கு, ஆவணியில் பனம்பழம், மார்கழி, தையில் கிழங்கு. கருப்பட்டியைப் பதநீர் இறங்கும் மாதங்களில் காய்ச்சும் இடத்திலேயே வாங்கி வையுங்கள். ஐப்பசியில் ஒருவர் மலிவாகக் கொடுத்தால் அதில் சீனி கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவது தப்பில்லை.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் மாசி முதல் களங்களில் காயும். ஒரு வருடத்துக்கு வேண்டியதை அப்போதே எடுத்துவிடுங்கள். காம்போடு இருக்க வேண்டும், குலுக்கினால் விதை சத்தம் போட வேண்டும். வீட்டில் இன்னொரு வெயில் காட்டி டின்னில் அடையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

மழை முடிந்ததும் கொல்லைகளில் பண்ணைக்கீரையும் சாரணைக்கீரையும் தானாக முளைக்கும். மிளகாய்க் கொல்லைக்குள் பறித்ததென்றால் மருந்து அடித்தார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

அரிசிக்குத் தை, மாசி வரை பொறுங்கள். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் அறுப்பு முடிந்திருக்கும். தெரிந்த விவசாயி யாராவது சித்திரைக்கார் நெல் போட்டிருந்தால் ஐந்து கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள். சிவப்பரிசி, வேக நேரம் எடுக்கும். இரவே ஊறவைத்துவிட்டுக் காலையில் கஞ்சியில் தொடங்குங்கள்.