ப்ளஸ் டூவில் கணக்கு எடுக்காமல் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்துவிட்டேன், கணிதத் தாளை எப்படிப் படிப்பது?

நானும் அதே வழியில் வந்தவன்தான். ப்ளஸ் டூவில் காமர்ஸும் கம்ப்யூட்டரும் படித்தேன், கணக்கு இல்லை. முதல் செமஸ்டர் கணிதத் தாளில் அரியர் விழுந்தது. வகுப்பில் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள், நாங்கள் நோட்டில் இறக்கிக்கொள்வோம். வகையிடலுக்கு (differentiation) ‘அடுக்கை முன்னால் கொண்டு வந்து பெருக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை’ என்பது எனக்கு மனப்பாடம். அப்படிச் செய்து வந்த விடை எதைச் சொல்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது.

அரியருக்குப் படித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அத்தை ஒரு கேள்வி கேட்டார். சின்னக் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கிரைண்டர் போட்டு, தோசை மாவு பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தார். கட்டடக்காரர் மாத வாடகையில் 3,000 ரூபாய் கூட்டிவிட்டார். “ஏம்ப்பா, பாக்கெட்டுக்கு ரெண்டு ரூபா ஏத்திரவா?” என்றார்.

கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கித் தருகிறேன். பாக்கெட் 50 ரூபாய்க்கு விற்றபோது நாளைக்கு 100 பாக்கெட் போனது. 60 ஆக்கிய பிறகு 80 போகிறது. அரிசி, உளுந்து, கவர் எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 20 ரூபாய் செலவு. வாடகை, ஆள் கூலி என்று விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற பணம், வாடகை கூடுவதற்கு முன், நாளொன்றுக்கு 600.

இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, ஒரு நேர்கோடு போடலாம். பத்தாம் வகுப்பில் படித்த சாய்வுதான். விலை = 100 − பாக்கெட் எண்ணிக்கையில் பாதி. எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்த வருவாய் வரும். அதை வகையிட்டால் கிடைப்பது: 100 − பாக்கெட். இன்று 80 விற்கிறார் என்றால் விடை 20.

அந்த 20 என்னவென்று அன்று முதல்முறையாக நின்று யோசித்தேன். அது வெறும் 20 ரூபாய் அல்ல, ஒரு பாக்கெட்டுக்கு 20 ரூபாய். இன்னும் ஒரு பாக்கெட் விற்றால் கல்லாவில் கூடும் தொகை. 60 ரூபாய்க்கு விற்கிற பொருளில் ஏன் 20தான் கூடுகிறது? 81ஆவது பாக்கெட் போக வேண்டுமானால் விலையை 59.50 ஆக்க வேண்டும். ஏற்கெனவே விற்கும் 80 பாக்கெட்டிலும் 50 பைசா போய்விடும், மொத்தம் 40 ரூபாய். 59.50இல் 40 போனால் 19.50. வகையிட்டு வந்த 20க்கும் கையால் கணக்கிட்ட 19.50க்கும் இடையே அரை ரூபாய்தான் வித்தியாசம். சூத்திரம் சொன்னதை விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்த அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பயம் விட்டது.

கூடுதல் பாக்கெட்டால் வருவதும் 20, அதற்குச் செலவாவதும் 20. ஆகவே 60 ரூபாய்தான் அத்தைக்குச் சரியான விலை. முன்பு 50க்கு விற்றபோது கல்லா 5,000, இப்போது 4,800 என்று அவர் வருத்தப்பட்டார். ஆனால் செலவு போகக் கையில் நின்றது அப்போது 2,400, இப்போது 2,600.

இனி வாடகை. நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடியிருக்கிறது. வகையிடும்போது மாறிலி பூஜ்யமாகும் என்று மனப்பாடம் செய்திருந்தேனே, அந்த மாறிலிதான் இந்த வாடகை. எத்தனை பாக்கெட் விற்றாலும் மாறாததால், இன்னொரு பாக்கெட் விற்கலாமா என்ற கேள்விக்குள் அது வருவதே இல்லை. 62 ஆக்கினால் 76 பாக்கெட் போய்க் கையில் 2,492 நிற்கும். 60லேயே விட்டால் 2,500. கடையை நடத்துவதா மூடுவதா என்ற முடிவில்தான் வாடகைக்கு வேலை.

உளுந்து விலை ஏறி ஒரு பாக்கெட்டின் செலவு 24 ஆனால் கதை வேறு. 100 − பாக்கெட் = 24, அதாவது 76 பாக்கெட், விலை 62. செலவு 4 ரூபாய் ஏறினால் விலை 2 ரூபாய் ஏற வேண்டும். நேர்கோட்டுத் தேவைக்கு இந்தப் பாதிக் கணக்கு பொருந்தும். கோடே இரண்டு விலைகளை வைத்துப் போட்டது என்பதால், அந்த விலைகளுக்கு அருகில்தான் இதை நம்பலாம்.

அதனால் நான் உங்களிடம் வற்புறுத்திக் கேட்பது ஒன்றுதான்: எந்த விடைக்கும் அலகு எழுதுங்கள். இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஒரு பாக்கெட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு என்றால் ‘பாக்கெட்டுக்கு இத்தனை ரூபாய்’. விலை மாறினால் விற்பனை எவ்வளவு மாறும் என்று சொல்லும் நெகிழ்ச்சிக்கு அலகு எழுதப் போனால் எல்லாம் அடிபட்டு ஒன்றும் மிஞ்சாது. அத்தையின் மாவுக்கு 60 ரூபாயில் அது −1.5, விலை ஒரு சதவீதம் ஏறினால் விற்பனை ஒன்றரை சதவீதம் குறையும். அலகு இல்லாததால்தான் மாவையும் பெட்ரோலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது. 1890இல் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் மார்ஷல் இந்த அளவைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்ததன் பயன் அதுதான்.

ஒரு கட்டுப்பாட்டுக்குள் நின்று உச்ச அளவைத் தேடும் கணக்கில் வரும் லக்ராஞ்சியன் பெருக்கி, அந்த லாம்டா, பலரை மிரட்டும். அதற்கும் அலகு எழுதிப் பாருங்கள்: லாபத்தை உச்சமாக்கும் கணக்கு என்றால், கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் லாபம் ஏறக்குறைய எவ்வளவு கூடும் என்பதே அது. சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடில் ப்ளைவுட் உற்பத்தியாளர்கள், எந்த இயந்திரத்தில் எந்த மரத்தை ஓட்டினால் உற்பத்தி அதிகமாகும் என்ற சிக்கலோடு கணிதவியலாளர் கான்டரோவிச்சிடம் வந்தார்கள். 1939இல் அவர் வெளியிட்ட தீர்வில் இதேபோன்ற பெருக்கிகள் இருந்தன. பின்னாளில் அவற்றுக்கு நிழல் விலை என்ற பெயர் நிலைத்தது. 1975இல் பொருளாதார அறிஞர் கூப்மன்ஸோடு சேர்த்து கான்டரோவிச்சுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

எதிலிருந்து தொடங்குவது? பின்னம், அடுக்கு, மடக்கை, நேர்கோட்டின் சாய்வு, இருபடிச் சமன்பாடு. இவற்றில் தடுமாற்றம் இருந்தால் கல்லூரிப் புத்தகத்தை ஒரு மாதம் ஓரமாக வையுங்கள். பிறகு தமிழ்நாட்டுப் பாடநூலான பதினொன்றாம் வகுப்பு ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ எடுங்கள். அணிகள் பாடத்திலேயே, ஒரு தொழிலின் உற்பத்தி மற்றத் தொழில்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிடும், பொருளாதார அறிஞர் லியோன்டிஃபின் உள்ளீடு-வெளியீடு பகுப்பாய்வு வந்துவிடும். வகையிடலின் பயன்பாடுகளில் தேவை, நெகிழ்ச்சி, இறுதிநிலைச் செலவு எல்லாம் இருக்கிறது. தமிழிலேயே படியுங்கள், ஆங்கிலச் சொற்களைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும், பக்கத்து எண்ணை வைத்து நான் 81ஆவது பாக்கெட்டுக்குச் செய்தது போலக் கையால் சரிபாருங்கள்.

முதல் கணக்கை நானே தருகிறேன். உளுந்து இன்னும் ஏறி, பாக்கெட் செலவு 26 ஆகிவிட்டது. அத்தை என்ன விலை வைக்க வேண்டும்? 63 வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் நீங்கள் போட்ட வழியைக் கீழே எழுதுங்கள், எங்கே பிசகியது என்று சேர்ந்து பார்ப்போம்.