துருப்பிடித்த சோவியத் காலத்துத் தோட்டாக்களைத் துடைத்துச் சுடலாமா?

மோசின் நகான்ட் என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிளுக்கான 7.62×54ஆர் அளவுப் பழைய ராணுவ உபரித் தோட்டாக்கள் பலவற்றின் உறை எஃகு, அதனால்தான் துரு. மேலோட்டமான துரு என்றால் 0000 எனப்படும் மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் உலர்வாகவே லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும். துடைத்தபின் குழி தெரிந்தால் கழித்துவிடுங்கள். அதுவும் அடிப்பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம்: அங்கே உறை கிழிந்தால் சூடான வாயு சுடுபவர் முகத்துக்குத்தான் வரும். குண்டு ஆடினாலோ உள்ளே இறங்கியிருந்தாலோ அதுவும் ஆகாது.

எண்ணெய், டபிள்யூடி-40 போன்ற துரு நீக்கும் தெளிப்பான் எதுவும் தடவாதீர்கள். பிரைமர் (அடிப்பக்கத்தில் இருந்து தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஓரமாகக் கசிந்து உள்ளே போனால் வெடிமருந்து கெட்டுவிடும்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கின் பக்கமே வைத்து 60 வினாடி பொறுங்கள். சத்தம் மந்தமாக வந்தால் குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

இந்தத் தோட்டாக்களின் பிரைமரில் பொதுவாகப் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்து குழலில் பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் போடுங்கள். கழித்த தோட்டாக்களைக் குப்பையில் போடாமல் சுடுதளத்திலோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள்.