மத்தி மீனைப் பார்க்க மூன்று லட்சம் கடனா?

கேள்வி: எனக்கு 33 வயது. கோவையில் இருக்கிறோம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை, கையில் 58,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 24,000. வீட்டுச் செலவு, 6,000 ரூபாய் எஸ்ஐபி எல்லாம் போக மாதம் 16,000 மிஞ்சும். அவசரத்துக்கென்று எஃப்டியில் 90,000, மியூச்சுவல் ஃபண்டில் 2.4 லட்சம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் லட்சக்கணக்கான மத்தி மீன்கள் கூட்டமாகச் சுழல்வதை வீடியோவில் பார்த்ததிலிருந்து மனைவிக்கு அங்கே ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாயும் மாஸ்க்கும் போட்டு நீர்மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்ப்பது) போக ஆசை, எனக்கும்தான். ஏஜென்ட் 7 நாள் பேக்கேஜ் இருவருக்கும் சேர்த்து 3.2 லட்சம் என்கிறார், 24 மாத இஎம்ஐயும் உண்டாம், வட்டி 15%. அப்பாவோ "உக்கடம் மார்க்கெட்டில் கூடை கூடையாகக் கிடக்கும் மீனைப் பார்க்கக் கடனா?" என்கிறார். கடன் வாங்கலாமா, ஃபண்டை எடுக்கலாமா, நகையை வைக்கலாமா? கோப்ரோ கேமரா வாங்கவும் யோசனை. மனைவிக்கு ஓரளவு நீச்சல் தெரியும், கண்ணாடி போடுபவர். எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

பதில்: போங்கள், ஆனால் அடுத்த வருடம் போங்கள். மூன்றில் எதையும் தொட வேண்டியதில்லை.

நீங்கள் அனுப்பிய பயண அட்டவணையை வரிவரியாகப் படித்தேன். மணிலாவில் இரண்டு இரவு, போஹோலில் இரண்டு இரவு, ஓஸ்லோபில் திமிங்கலச் சுறா, செபு நகரில் ஷாப்பிங், இதற்கெல்லாம் நடுவில் மோஆல்போஆலுக்கு அரை நாள். நீங்கள் பார்க்கத் துடிக்கிற மீன் இருப்பது அந்த அரை நாளில் மட்டும்தான். மற்ற ஆறரை நாளும் ஏஜென்டின் ஆசை, அதற்கு நீங்கள் இரண்டு வருடம் வட்டி கட்டப் போகிறீர்கள். ஓஸ்லோபில் சுறாக்களுக்கு இரை போட்டுப் போட்டுத்தான் கரையோரம் வர வைக்கிறார்கள் என்று கடல் உயிரியல் ஆட்கள் பல வருடமாகக் குறை சொல்கிறார்கள். பட்டியலில் இருந்து தூக்க எனக்கு அதுவே போதும்.

மீன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணக் கணக்கு முழுக்க அதில்தான் நிற்கிறது. செபு தீவின் தென்மேற்குக் கரையில், செபு நகரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது மோஆல்போஆல். பஸ்ஸில் மூன்று மணி நேரம், டிராஃபிக் இருந்தால் இன்னும் கூட. அங்கே பனக்சமா என்ற கரையில் இறங்கி, ஆழமில்லாத பவளத்திட்டைத் தாண்டினால் தரை சட்டென்று சுவர் மாதிரி கீழே இறங்கும், அந்த விளிம்பில்தான் மத்திக் கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கரையிலிருந்து நீந்திப் போகிற தூரம்தான், படகுகூட வேண்டாம். எதிரே பெஸ்கடோர் தீவுப் பக்கம் இருந்த கூட்டம் பிறகு இங்கே இடம் மாறியது. முக்கியமான விஷயம், அது வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிரபலமான மத்தி ஓட்டம் ஜூன், ஜூலை வாக்கில் வந்து போய்விடும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த நேரத்து விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மோஆல்போஆல் அப்படி இல்லை. இந்த வருடம் விட்டால் போயிற்று என்ற அவசரம் இல்லாத ஒரு ஆசைக்கு எதற்கு இஎம்ஐ?

அந்த இஎம்ஐயையும் பார்த்துவிடுவோம். 3.2 லட்சம், 15%, 24 மாதம் என்றால் தவணை சுமார் 15,500, மொத்தம் கட்டுவது 3.72 லட்சம். பிராசஸிங் கட்டணம் 2% போட்டால் ஜிஎஸ்டியோடு இன்னொரு 7,500. உங்களுக்கு மிஞ்சுவதே 16,000. ஆக இரண்டு வருடம் மாதம் ஐந்நூறு ரூபாய் மிச்சத்தில் ஓட்டப் போகிறீர்கள். நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எஃப்டி உடையும், அப்புறம் கிரெடிட் கார்டு, அதன் வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தொடும்.

நீங்களே புக் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு தோராயம் போட்டேன். ஒரு பேசோவை ஒன்றரை ரூபாய் என்று வைத்திருக்கிறேன், கொஞ்சம் முன்பின் இருக்கும். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக செபு போய் வர இருவருக்கும் 84,000. மோஆல்போஆலிலேயே 6 இரவு, ஏசி அறை, 22,500. சாப்பாட்டுக்கு 19,000. விமான நிலையத்திலிருந்து போக வர 10,000 (போகும்போது கார், அலுப்பில் பஸ் தேடாதீர்கள், திரும்பும்போது பஸ்). பெஸ்கடோருக்குப் படகு 6,000. ஸ்நார்க்கெல் வாடகை, கைடு, உள்ளூர்க் கட்டணம் எல்லாம் 5,000. இன்ஷூரன்ஸ் 3,000. இதற்கு மேல் கைச்செலவுக்கு 15,000. கூட்டினால் 1.65 லட்சத்துக்குள் முடிகிறது, அதுவும் அரை நாளுக்குப் பதில் தினமும் காலையில் மீனோடு. காலையில் போனால் கூட்டமும் குறைவு.

டிக்கெட்டை ஒரே புக்கிங்காக எடுங்கள். சிங்கப்பூரில் இரண்டு தனி டிக்கெட்டாக மாறினால் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்இன் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசா பிரச்சினை வரும். மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் விமானத்தையே விடுவார்கள்.

உங்கள் ஏஜென்ட் விசா சேவை என்று 12,000 போட்டிருக்கிறார். 2025 ஜூன் முதல் இந்தியர்களுக்கு 14 நாள் வரை சுற்றுலாவுக்கு பிலிப்பைன்ஸில் விசா தேவையில்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிட புக்கிங், கையில் பணம் இருப்பதற்கு ஆதாரம், ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், புறப்படுவதற்கு முன் ஆன்லைனில் இ-டிராவல் பதிவு. அவ்வளவுதான். அந்த 12,000 எதற்கு என்று அவரிடமே கேளுங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும்.

டிசிஎஸ், அதாவது வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வரி, தனி என்றும் சொல்லியிருக்கிறார். அது செலவு இல்லை, உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் வரி, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கும். வெறும் விமான டிக்கெட் மட்டும், வெறும் ஹோட்டல் மட்டும் என்று தனித்தனியாக வாங்கினால் அது வெளிநாட்டு டூர் பேக்கேஜ் ஆகாது என்று வருமான வரித்துறை 2023-லேயே விளக்கம் கொடுத்துவிட்டது.

சரி, 1.65 லட்சம் எப்படிச் சேர்ப்பது? மாதம் 13,500. கடன் தவணையைவிட இரண்டாயிரம் குறைவு, காலமும் பாதி. ஆனால் ஒரே ஆர்டியாக (மாதாமாதம் கட்டும் வங்கி டெபாசிட்) போடாதீர்கள், டிக்கெட் எடுக்கப் பணம் மூன்று மாதம் முன்னாடியே வேண்டும். 9,500 ரூபாய்க்கு 9 மாத ஆர்டி ஒன்று, அது முதிர்ந்ததும் விமான டிக்கெட். 4,000 ரூபாய்க்கு 12 மாத ஆர்டி இன்னொன்று. கடைசி மூன்று மாதம் அந்த 9,500 சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும், அறைக்கு முன்பணம் கட்ட உதவும். மாதம் 2,500 இன்னும் மிச்சம் இருக்கும், அதை எஃப்டி பக்கம் தள்ளுங்கள், 90,000 என்பது உங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்தான். ஃபண்டை எடுக்கச் சொல்ல மாட்டேன், எஸ்ஐபி அதன் பாட்டுக்கு ஓடட்டும். நகைக்கடன் வட்டி இந்த இஎம்ஐயைவிடக் குறைவுதான், ஆனாலும் உல்லாசப் பயணத்துக்கு மனைவியின் நகை வங்கிக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை, அது பழைய காலத்துப் புத்தி என்றால் இருக்கட்டும்.

எப்போது போவது? மனைவிக்கு லீவு கோடையில்தான், அது நல்லதே. டிசம்பர் முதல் மே வரை அங்கே மழை குறைவு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அந்த நாட்டில் ஊரே கடற்கரைக்கு வரும், அறை வாடகை ஏறிவிடும். அது முடிந்த பிறகு, வார நாட்களில் போங்கள். புயல் எந்த வருடமும் வரும் நாடு அது. 2021 டிசம்பரில் ராய், 2025 நவம்பரில் கல்மேகி, இரண்டுமே செபுவைக் கடுமையாக அடித்தன. அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாக எடுங்கள், இன்ஷூரன்ஸ் பாலிசியில் வானிலையால் பயணம் ரத்தாவதற்கு என்ன எழுதியிருக்கிறது, நீர் விளையாட்டுகளை விலக்கியிருக்கிறார்களா என்று வாங்கும் முன்பே படியுங்கள்.

பணம் எடுக்கும் விஷயம் ஒன்று. மோஆல்போஆலில் சின்னக் கடைகள், படகுக்காரர்களிடம் ரொக்கம்தான். வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம்மில் ஒவ்வொரு தடவையும் 250 பேசோ அளவில் பிடிப்பார்கள், எனவே நாலு தடவை எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள். கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலா, பேசோவிலா" என்று மெஷின் கேட்டால் பேசோ. ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் பார்ப்பார்கள். சாதாரண கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை மார்க்அப் என்று கூடுதல் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. மார்க்அப் குறைவான கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக கோப்ரோ. வேண்டாம். அந்தப் பணத்தில் நான்கில் ஒரு பங்கை எடுத்து நாளைக்கே நீச்சல் வகுப்பில் சேருங்கள், இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் ஒரே உண்மையான முதலீடு அதுதான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நீச்சல் தெரியாதவர்களும் போகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காலுக்குக் கீழே தரை காணாமல் போகும் அந்த விளிம்பில் பயந்து பத்து நிமிடத்தில் திரும்பி வருவதற்கு 84,000 ரூபாய் டிக்கெட் எதற்கு? ஒரு வருடம் இருக்கிறது, நிதானமாகப் பழகலாம். இடையில் ஒரு ஒத்திகை வேண்டுமென்றால் அந்தமான் ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச் இருக்கிறது, ஆனால் அதற்குத் தனி பட்ஜெட், இதில் கை வைக்கக் கூடாது.

மனைவிக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள்: அவர் பவருக்கு ஏற்ற லென்ஸ் பொருத்திய ஸ்நார்க்கெல் மாஸ்க். வாடகை மாஸ்க்குக்குள் மூக்குக்கண்ணாடி போட முடியாது.