கிரான்பெரி: கேள்வி பதில்

கேள்வி: படங்களில் கிரான்பெரி என்ற சிவப்புப் புளிப்புப் பழம் தண்ணீரில் மிதக்கிறதே, தொட்டியில் தண்ணீர் கட்டித்தான் வளர்க்க வேண்டுமா?

பதில்: அந்தப் படங்களை நம்பிச் செடியை அழுகவிடாதீர்கள். இது மணற்பாங்கான ஈரநிலத்தில் தரையோடு படரும் கொடி. படத்தில் இருப்பது அறுவடைக்காக நீர் நிரப்பிய வயல். ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: உள்ளே நான்கு காற்றறைகள் இருக்கும். மிதப்பது அவற்றால்தான். அப்படி அள்ளிய பழம் சாறுக்கும் சாஸுக்கும் போகும். பழமாகவே விற்பனைக்கு வருவது பெரும்பாலும் நீர் நிரப்பாமல் பறித்தது.

கேள்வி: நட்டு நான்கு ஆண்டுகளாகிவிட்டன. கொடி செழிப்பாகப் படர்கிறது, காய்தான் இல்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரம் மிஞ்சிவிட்டது என்றே நினைக்கிறேன். தழைச்சத்து கூடினால் கொடி நீளுமே தவிர, காய்க்காது. கொடியிலிருந்து செங்குத்தாக எழும் குட்டைக் கிளைகளில்தான் பூ வரும். உரத்தை நிறுத்திவிட்டு, கொடியின் மேல் ஒரு விரல் பருமனுக்கு மணல் தூவுங்கள். புதைந்த தண்டு வேர்விட்டு, நிமிர்ந்த கிளைகளை எழுப்பும். மண்ணின் பி.எச். (புளிப்புத்தன்மையின் அளவு) 4 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் ஆகாது, மழைநீர் உத்தமம். குளிர்காலமே இல்லாத இடமென்றால் இத்தனை பாடும் வீண். பல வாரக் குளிரில் உறங்கி எழுந்தால்தான் இது பூக்கும்.

கேள்வி: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: கெட்டியாக, பளபளப்பாக இருக்க வேண்டும். நல்ல பழம் மேசையில் போட்டால் துள்ளும். உறைபெட்டியில் ஓராண்டு தாங்கும். உருக வைக்காமல் அப்படியே சமைக்கலாம். உலர்ந்த பழத்தில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், உறையைப் படியுங்கள்.

கேள்வி: நான் செய்த சாஸ் கல்லாக இறுகிவிட்டது.

பதில்: நீர்த்திருக்கிறதே என்று அடுப்பிலேயே விட்டிருப்பீர்கள். 340 கிராம் பழத்துக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். தோல் படபடவென வெடித்து அடங்க பத்து நிமிடம் போதும். சாஸை இறுகவைக்கும் பெக்டின் பழத்திலேயே நிறைய உண்டு, ஆறும்போது தானாகவே இறுகும். இப்போது கொஞ்சம் வெந்நீர் விட்டு மெல்லச் சூடாக்கினால் இளகும்.

கேள்வி: மஃபினில் போட்ட பழத்தைச் சுற்றி நீலம் பாரித்திருக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. சமையல் சோடா கூடியதால் சிவப்பு நிறமி நீலமாகியிருக்கிறது.

கேள்வி: சாறு குடித்தால் சிறுநீர்த் தொற்று குணமாகுமா?

பதில்: வந்த தொற்றுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு மறுபடி வருவதை இது குறைக்கலாம், அவ்வளவே. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.