சாம்சங்கின் ஏற்றுமதி, வியட்நாமின் ஏற்றுமதி

அன்புள்ள சார்,

வியட்நாம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பத்துக் கோடி மக்கள் உள்ள நாடு சரக்கு ஏற்றுமதியில் இந்தியாவை நெருங்கிவிட்டது என்று வியந்து எழுதியிருந்தீர்கள். நான் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பர்சேஸ் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் தொடாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த ஏற்றுமதியில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு வெளிநாட்டுக் கம்பெனிகளுடையது. பாகங்கள் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன, வியட்நாம் பெண்கள் பூட்டிக் கொடுக்கிறார்கள், பெட்டி கப்பலேறுகிறது, லாபம் சியோலுக்குப் போகிறது. மாடியை வாடகைக்கு விட்டவர், குடியிருப்பவரின் சம்பளத்தையும் தன் வருமானத்தில் சேர்த்துச் சொல்வது போல இருக்கிறது. இங்கேயும் அதுதானே நடக்கிறது? ஐபோன் ஏற்றுமதி என்று பெருமைப்படுகிறோம். ஆனால் பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் ஆர்டர் கேட்டுப் போனால், 'வெண்டர் லிஸ்ட் (யாரிடம் பாகம் வாங்குவது என்ற பட்டியல்) ஹெட் ஆபீஸில் முடிவாகிறது' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். இதை வளர்ச்சி என்று சொல்லலாமா?

ர., ஸ்ரீபெரும்புதூர்

*

அன்புள்ள ர.,

உங்கள் கணக்கு சரிதான். 2024இல் வியட்நாமின் சரக்கு ஏற்றுமதி ஏறத்தாழ 40,500 கோடி டாலர். அதில் 70 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுடையது. இதைவிடக் கசப்பான கணக்கும் இருக்கிறது. அந்த ஆண்டு வியட்நாமுக்குக் கிட்டத்தட்ட 2,500 கோடி டாலர் வர்த்தக உபரி, அதாவது இறக்குமதியைவிட ஏற்றுமதி அவ்வளவு அதிகம். பிரித்துப் பார்த்தால், வெளிநாட்டு நிறுவனங்கள் பக்கம் 5,000 கோடி உபரி, உள்ளூர் நிறுவனங்கள் பக்கம் 2,500 கோடி பற்றாக்குறை. கணினி, மின்னணுப் பாகங்களின் இறக்குமதி மட்டுமே 10,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆக, கப்பலேறும் ஒரு போனின் விலையில் பெரும்பகுதி ஏற்கனவே பாகங்களாக அந்த நாட்டுக்குள் வந்ததுதான்.

ஆனால் வாடகை உவமையை அப்படியே ஏற்க முடியவில்லை. மாடியில் குடியிருப்பவர் வீட்டுக்காரரின் பிள்ளைகளுக்கு வேலை போட்டுக் கொடுப்பதில்லை. ஹனோய்க்குப் பக்கத்தில் பாக் நின் மாகாணத்தின் யென் ஃபோங்கில் 2009இல் சாம்சங் போன் ஆலை ஓடத் தொடங்கியது. 2014இல் தாய் ஙுயென் மாகாணத்தில் அடுத்தது. வியட்நாமில் சாம்சங்கிடம் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்த காலம் உண்டு. பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களின் சம்பளம் சியோலுக்குப் போகவில்லை.

இன்னொன்று. வெளிநாட்டுக் கம்பெனி என்றதும் அது கொண்டுவரும் பணத்தைத்தான் பேசுகிறோம். பணம் எங்கேயும் கடன் வாங்கலாம். கிடைக்காதது வாங்குகிற ஆள். 1986இல் தோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தத்தை அறிவித்தபோது வியட்நாமிடம் உலகத்துக்கு விற்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 1989இல் அரிசி ஏற்றுமதி பெரிய அளவில் தொடங்கியது, பிறகு காபி, இறால். இதையெல்லாம் செய்தது அந்த நாட்டு விவசாயிகள், எந்தப் பன்னாட்டு நிறுவனமும் இல்லை. (வியட்நாம் பற்றிய பேச்சில் இவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு டாலர் காபியில் நாட்டுக்குள் நிற்கும் பங்கு, ஒரு டாலர் போனில் நிற்பதைவிடப் பல மடங்கு அதிகம்.) ஆனால் போனை அப்படிச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. அரிசியை வாங்க உலகம் முழுக்க வியாபாரிகள் இருக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு வியட்நாம் கம்பெனியின் போனை யார் வாங்குவார்? சாம்சங் வரும்போதே தன் வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வந்தது. 1994இல் அமெரிக்காவின் வர்த்தகத் தடை நீங்கியது, 2001 கடைசியில் அமெரிக்காவுடனான வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, 2007இல் உலக வர்த்தக அமைப்பில் இடம் கிடைத்தது. இவை கதவைத் திறந்தன, உண்மைதான். திறந்த கதவு வழியாகப் போக ஆயத்தமாக நின்றவர்கள் கொரியர்களும் தைவான்காரர்களும் ஜப்பானியர்களும்.

ஒரே கம்பெனியை நம்பியதற்கான விலையையும் கொடுத்தார்கள். 2017இல் நாட்டின் மொத்த ஏற்றுமதியில் நாலில் ஒரு பங்கு சாம்சங்குடையது. 2016இல் கேலக்ஸி நோட் 7 பேட்டரி தீப்பிடித்து அந்த மாடலையே கைவிட்டது நினைவிருக்கும். 2017 முதல் காலாண்டில் வியட்நாமின் வளர்ச்சி 5.1 சதவீதமாக இறங்கியபோது, சாம்சங் உற்பத்தி சரிந்ததும் காரணம் என்றார்கள். ஒரு போன் மாடல் ஒரு நாட்டின் ஜிடிபியை ஆட்டுகிறது என்றால் பயப்பட வேண்டியதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெண்டர் லிஸ்ட்.

2014 வாக்கில் உள்ளூரில் யார் என்ன பாகம் செய்து தர முடியும் என்று சாம்சங் தேடியபோது, ஹனோய் பத்திரிகைகளில் ஒரே புலம்பல். ஒரு ஸ்க்ரூ கூட நம்மால் செய்ய முடியவில்லையா என்று. உங்களைப் போல பர்சேஸில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை, ஒரு ஸ்க்ரூவை யாரும் செய்துவிடலாம். மாதம் பத்து லட்சம் ஸ்க்ரூ, எல்லாம் ஒரே அளவில், சொன்ன நாளில், சொன்ன விலையில், தர ஆவணங்களோடு தருவது வேறு வேலை. அதற்கு அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூம் வேண்டும், டை (அச்சு) செய்யத் தெரிந்த ஆட்கள் வேண்டும், முதல் ரெண்டு வருட நட்டத்தைத் தாங்கும் வங்கிக் கடன் வேண்டும். கொரிய வெண்டர்களிடம் இது மூன்றும் ஏற்கனவே இருந்தன. சாம்சங்கின் பின்னாலேயே வந்து பக்கத்து மனையில் ஷெட் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு நேரடி வெண்டர்களில் வியட்நாம் கம்பெனிகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. அரசும் சாம்சங்கும் பயிற்சித் திட்டங்கள் போட்ட பிறகு எண்ணிக்கை சில பத்துகளாக உயர்ந்தது. அதிலும் அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் அச்சு போன்றவைதான் அதிகம்.

இங்கே பங்களாதேஷைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கதை அதுதான்.

1970களில் பணக்கார நாடுகள் ஆயத்த ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா, அதாவது உச்சவரம்பு, விதித்தன. கொரியாவின் கோட்டா நிரம்பிவிட்டது. கோட்டா இல்லாத நாட்டைத் தேடி தேவூ என்ற கொரிய நிறுவனம் டாக்கா வரை போனது. அங்கே நூருல் காதர் என்ற முன்னாள் அரசு அதிகாரி தேஷ் கார்மென்ட்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார். தேவூவுக்கு அதில் பங்கு கிடையாது. மெஷின் கொடுத்தது, தொழில்நுட்பம் கொடுத்தது, விற்றுத் தர ஒப்புக்கொண்டது, அதற்குக் கமிஷன் வாங்கியது. முக்கியமான காரியம், 1979இல் 130 பேரை கொரியாவின் பூசான் நகரத்துத் தன் ஆலைக்கு அழைத்துப்போய் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தது. தையல் மட்டும் இல்லை, கட்டிங், தரச் சோதனை, ஆர்டர் பிடிப்பது, எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) திறப்பது வரை.

முதல் வருடம் தேஷ் விற்றது 43,000 சட்டை, சுமார் 55,000 டாலர். 1981லேயே தேவூவுடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 1987இல் 23 லட்சம் சட்டை. ஆனால் கதை தேஷ் கம்பெனியில் இல்லை. பயிற்சி பெற்ற 130 பேரில் 115 பேர் 1987க்குள் அங்கிருந்து வெளியேறிவிட்டார்கள். சிலர் சொந்தமாக ஆலை போட்டார்கள், சிலர் புதிய முதலாளிகளிடம் அதிகச் சம்பளத்துக்குப் போனார்கள். தேஷ் முதலாளிக்கு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். நாட்டுக்கு அதுவே தொழிலாகிவிட்டது. அரசு செய்ததும் இரண்டே காரியம்: ஏற்றுமதி எல்.சி.யை அடமானமாகக் காட்டித் துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறக்கும் வசதி, பிறகு தீர்வை இல்லாமல் துணியை வைத்துக்கொள்ள பாண்டட் கிடங்கு. கையில் பணமில்லாதவனும் ஆர்டர் இருந்தால் தொழில் தொடங்கலாம் என்று ஆனது. இன்று பங்களாதேஷின் ஆடை ஏற்றுமதி ஆண்டுக்கு 3,500 கோடி டாலருக்கு மேல். ஆலை முதலாளிகளில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். வாங்குபவர்கள் மட்டும் வெளிநாட்டுக்காரர்கள்.

இதைச் சொன்னவுடன் 'பார்த்தீர்களா, உள்ளூர் முதலாளிதான் சரி' என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று தெரியும். 2013இல் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கட்டடமும் உள்ளூர்க்காரருடையது, உள்ளே இருந்த ஆலைகளும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுடையவை. முதலாளி நம் ஊர்க்காரர் என்பதால் தொழிலாளி தலைக்கு மேல் இருக்கும் கூரை உறுதியாகிவிடுவதில்லை.

பங்களாதேஷ் செய்ததை வியட்நாம் ஏன் போனில் செய்யவில்லை? சட்டை வேறு, போன் வேறு. தையல் ஆலையில் பத்து வருடம் இருந்தவர் நூறு மெஷின் வாங்கி சொந்தமாகத் தொடங்கிவிடலாம், திருப்பூரில் அப்படித் தொடங்கியவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். போன் ஆலையில் பத்து வருடம் கேமரா பொருத்தியவர் வெளியே வந்து போன் கம்பெனி தொடங்க முடியாது. அவரிடம் சாம்சங் வேலையின் ஒரு துண்டு மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் நடந்ததும் இதுதான். நோக்கியா போன் ஆலை 2006இல் தொடங்கியது, 2014 நவம்பரில் மூடியது. எட்டு ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கை பழகியிருந்தது. அவர்களிலிருந்து ஒரு போன் கம்பெனி வரவில்லை, வரவும் முடியாது. அந்த வளாகத்தைப் பின்னால் சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. அதுவும் வெளிநாட்டுக் கம்பெனியே.

ஆனால் போனுக்குள் இருக்கும் ஒரு கேபிளைச் செய்யும் கம்பெனியைத் தொடங்கலாம். சீனாவில் வாங் லாய்சுன் என்ற பெண் 1988இல் ஷென்ஜென்னில் ஃபாக்ஸ்கான் என்ற தைவான் கம்பெனியின் ஆலையில் லைன் தொழிலாளியாகச் சேர்ந்தார். சுமார் பத்து வருடம் அங்கே இருந்துவிட்டு வெளியேறி, 2004இல் அண்ணனுடன் சேர்ந்து லக்ஸ்ஷேர் கம்பெனியை எடுத்து நடத்தத் தொடங்கினார். கேபிள், கனெக்டர் செய்து ஃபாக்ஸ்கானுக்கே விற்றார். பிறகு ஆப்பிளின் ஏர்பாட்ஸ். 2020இல் விஸ்ட்ரான் என்ற இன்னொரு தைவான் கம்பெனியின் குன்ஷான் ஐபோன் ஆலையை வாங்கி, ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கானுக்கே போட்டியாக வந்து நின்றார். சீனாவின் ஏற்றுமதியில் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கு 2005இல் 58 சதவீதம். இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. யாரையும் விரட்டி இது நடக்கவில்லை. வாங் லாய்சுன் போன்றவர்கள் பக்கத்தில் வளர்ந்ததால் நடந்தது. அதே லக்ஸ்ஷேருக்கு இப்போது வியட்நாமின் பாக் ஜியாங் பகுதியில் பெரிய ஆலைகள் இருக்கின்றன. அங்கே அது வெளிநாட்டுக் கம்பெனி.

ஆகவே முக்கால் பங்கு என்பதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பங்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். சீனாவில் இருபது வருடமாகக் குறைந்துகொண்டே வருகிறது. வியட்நாமில் 2010 வாக்கில் பாதியை ஒட்டி இருந்தது, இப்போது 70ஐத் தாண்டி நிற்கிறது. உண்மையான கவலை அதில்தான்.

இதற்கு அரசும் காரணம். மாகாணத்துக்கு மாகாணம் போட்டி போட்டுக்கொண்டு வரிச்சலுகை கொடுத்தார்கள். முதல் நான்கு வருடம் வரியே கிடையாது, அடுத்த ஒன்பது வருடம் பாதி வரி என்ற அளவுக்கு. அதே ஊரில் பிளாஸ்டிக் அச்சுப் பட்டறை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் முழு வரி கட்டினார், வங்கியில் அதிக வட்டியும் கட்டினார். 2024 முதல் பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்று வந்துவிட்டதால் இந்த வரிப் போட்டியின் மதிப்பு குறைந்திருக்கிறது. சலுகை கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளூரிலிருந்து பாகம் வாங்கினால் சலுகை என்று கட்டியிருக்கலாம்.

பொருளாதார ஆய்வாளர் பேயாட்டா யாவோர்ச்சிக் லிதுவேனியாவின் ஆலைக் கணக்குகளை வைத்து 2004இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த இடத்துக்குப் பொருந்தும். வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பாகம் விற்கும் உள்ளூர் நிறுவனங்களின் திறன் கூடுகிறது. அதுவும் கூட்டு முதலீட்டு நிறுவனமாக இருந்தால்தான் அது தெளிவாகத் தெரிகிறது, முழுக்க வெளிநாட்டுக்காரருடையதாக இருந்தால் இல்லை என்று கண்டார். உங்கள் 'ஹெட் ஆபீஸ் வெண்டர் லிஸ்ட்' அனுபவம் அதற்கு ஒத்துப்போகிறது. உள்ளே உள்ளூர்ப் பங்குதாரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பட்டியலைத் திறக்க வைக்கலாம்.

தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024-25இல் 1,465 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிட ஒன்றரை மடங்கு. பெரும்பகுதி போன். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அந்த லைன்களில் நிற்கும் பெண்களின் ஊர்களில் அந்தச் சம்பளத்துக்கு வேறு வேலை இல்லை. ஆனால் மந்திரிகள் ஏற்றுமதித் தொகையைச் சொல்லும்போது அதில் எவ்வளவு இங்கேயே செய்யப்பட்டது என்று யாராவது சட்டசபையில் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேடிக்கை. வியட்நாமின் சொந்தக் கார் கம்பெனி வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்திருக்கிறது. தொடங்கிய நாள் முதல் பெரும் நட்டத்தில் ஓடும் கம்பெனி. வாடகைக்கு விட்டே காலம் தள்ளிவிட்டோமே என்ற எண்ணம் ஹனோயிலும் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இப்போதைக்குப் பாகங்கள் கப்பலில் வந்து தூத்துக்குடியில் கார்களாகப் பூட்டப்படுகின்றன. பாக் நின்னில் சாம்சங் செய்ததை நம் ஊரில் வியட்நாம்காரர்கள் செய்கிறார்கள். இன்னும் ஐந்து வருடத்தில் கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ அவர்களுக்கு வயரிங் ஹார்னஸும் (காரின் மின்கம்பித் தொகுப்பு) சீட்டும் செய்து கொடுக்கும் நாலு உள்ளூர்ப் பட்டறைகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் இந்தக் கடிதத்தையே மறுபடி எனக்கு அனுப்பலாம், அப்போது நான் மறுக்க மாட்டேன்.